எல்லைக்கோட்டின் மேல் சில ஊர்கள்: பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் நேற்றும் இன்றும்

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி வடக்குப் பார்த்து நடந்தால் கொஞ்ச தூரத்தில் மாநிலம் மாறிவிடும். அந்த இடத்தில் ஆறு கிடையாது, மலை கிடையாது, மதில் கிடையாது. கடைப் பலகையில் எழுத்து மட்டும் மாறும். தெற்கே இருக்கும் டீக்கடையில் லாட்டரிச் சீட்டு இருக்காது. தமிழ்நாட்டில் அது 2003ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. வடக்கே முதல் வளைவிலேயே மேசை போட்டு, கேரள அரசு லாட்டரியை மைக் வைத்து விற்பார்கள். வேறு அடையாளம் தேடினால் கிடைக்காது. தென்னை, ரப்பர், வாழை, மரச்சீனி, ஓட்டு வீடு எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே.

என் தாய்வழிப் பாட்டியின் வீடு பாறசாலைப் பக்கம், இஞ்சிவிளைக்கு வடக்கே. தகப்பனார் பிறந்த வீடு களியக்காவிளைக்குத் தெற்கே. கல்யாணத்தன்று பெண்ணழைப்பு ஊர்வலம் ஒரு மணி நேரத்துக்குள் நடந்தே போய்ச் சேர்ந்ததாம். அப்போது இரண்டு வீடும் திருவிதாங்கூரில் இருந்தன. பிறகு ஒரு நவம்பர் மாதம் முதல் தேதி, இரண்டு வீடுகளுக்கும் நடுவே கோடு விழுந்தது. "நாங்க எங்கயும் போவல்லை மக்களே, ஊருதான் எங்களை விட்டுப் போச்சு" என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரிய நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்கள் என்று நம்மை நாம் சொல்லிக்கொள்ளும்போது, வேலைக்காக ரயிலேறி வந்தவர்களையே நினைக்கிறோம். ரயிலேறாமல், வீட்டை விட்டு ஓரடி நகராமல், வெளிமாநிலத் தமிழர் ஆனவர்களும் உண்டு. அவர்களுடைய ஊர்களைப் பற்றி நம் சங்க மலரில் ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும் என்ற ஆசையினால் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர்களே முதல் சாட்சி

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் தேசிய நெடுஞ்சாலையில் பாலராமபுரம், ஆலுமூடு, நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்தப் பெயர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். "விளை" என்றால் மேட்டு நிலத் தோட்டம். இது கேரளத்தில் "விள" என்றும் தமிழகத்தில் "விளை" என்றும் எழுதப்படுகிறது, சொல் ஒன்றுதான். "ஆலுமூடு" என்றால் ஆலமரத்தடி. மரத்தின் அடியை "மூடு" என்பது குமரி மாவட்டத்தில் இன்றும் வழக்கு. வயல் பரப்பை "ஏலா" என்பார்கள். காரக்கோணம், தனுவச்சபுரம், குன்னத்துகால், பெருங்கடவிளை, வெள்ளறடை என்று உள்ளே போகப் போக இதே கதைதான். எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டம் வரை ஊர்ப் பெயர்களின் வார்ப்பு மாறுவதே இல்லை.

பேச்சும் அப்படியே. நம் சென்னை நண்பர்கள் "தண்ணி" என்பதை இங்கே "வெள்ளம்" என்பார்கள். தூக்கம் "உறக்கம்". குதித்தால் "சாடினான்". சொன்னால் "பறஞ்சான்". மெதுவாக என்பதற்குப் "பைய". பதநீர் என்றால் யாருக்கும் புரியாது, "அக்கானி" என்றால் உடனே செம்பு வரும். இவையெல்லாம் மலையாளம் கலந்த தமிழ் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. உறங்குவதும் பறைவதும் சாடுவதும் பையச் செல்வதும் நம் பழைய இலக்கியத்திலும் அகராதியிலும் உள்ள சொற்கள்தாம். மற்ற இடங்களில் பேச்சிலிருந்து உதிர்ந்துபோன சொற்களை இந்த ஓரத்து மக்கள் கையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆய் நாட்டின் மடியில்

இந்த வட்டாரத்தின் வரலாறு பொதிய மலையிலிருந்து இறங்குகிறது. புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரால் பாடப்பெற்ற ஆய் அண்டிரன் பொதியில் மலைத் தலைவன். அவன் பெயர் தாங்கிய ஆய் மரபினர் பின்னர் விழிஞத்தைத் துறைமுகமாகக் கொண்டு ஆண்டனர். பாண்டியரும் சேரரும் சோழரும் இந்தத் துறைக்காக மாறி மாறி மோதினர். விழிஞம் இன்று நெய்யாற்றின்கரைத் தாலுகாவில்தான் இருக்கிறது. அங்கே எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் பாதியிலேயே நின்றுபோன சிவன் உருவங்கள். உளி ஏன் நின்றது என்று கேட்கத் தோன்றும். போர்கள் நடந்த காலம் அது.

ஆய் மன்னர்களில் கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும், அதனோடு 95 மாணவர்களுக்கான ஒரு சாலையும் நிறுவினான். "காந்தளூர்ச் சாலை" முறைப்படி இது நடக்க வேண்டும் என்று அவனது செப்பேடு விதிக்கிறது. சாலை என்றால் இங்கே ரோடு அல்ல. உண்டும் உறைந்தும் படிக்கும் கல்விக்கூடம். இலக்கணமும் மீமாம்சையும் அறிந்தவராக, மூன்று அரசுகளின் நடைமுறை தெரிந்தவராக மாணவர் இருக்க வேண்டும் என்பதும், கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்பதும் அதிலுள்ள சட்டங்கள். எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழ். அந்தப் பார்த்திவபுரம் இப்போது குமரி மாவட்டத்தில், முஞ்சிறைக்குப் பக்கத்தில், எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சோழன் முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி தொடங்கும்போதே காந்தளூர்ச் சாலையைச் சொல்வது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பாறசாலை என்ற பெயரில் பாறையும் சாலையும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்கும்போதெல்லாம் இந்தச் சாலைகளின் நினைவு எனக்கு வருவதுண்டு. அங்குள்ள மகாதேவர் கோயிலின் முன்னால் நின்று, ஒரு காலத்தில் இந்த மண்ணில் தமிழும் வடமொழியும் மல்லுக்கு நிற்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டன என்று நினைத்துப் பார்த்தால் மனசு நிறையும்.

அம்மச்சிப் பலாவும் நவராத்திரி ஊர்வலமும்

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயிலுக்குப் போனவர்கள் வளாகத்துக்குள் ஒரு பட்டுப்போன பலாமரத்தைப் பார்த்திருப்பார்கள். அடிமரம் குகைபோலக் குடைந்து கிடக்கும். அதுதான் அம்மச்சிப் பலா. 1729இல் வேணாட்டு அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா, அதற்கு முன் எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்த இந்தப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழிச் செய்தி. தாயைப்போல் காத்ததால் மரத்துக்கு அம்மச்சி என்று பெயர். அரசர் பின்னர் நன்றியாகக் கட்டியதே இந்தக் கோயில் என்பார்கள். இரு கைகளிலும் வெண்ணெய் ஏந்திய கண்ணன் அங்கே மூலவர், நைவேத்தியமும் வெண்ணெய்தான். சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட "மார்த்தாண்டவர்மா" நாவல் அந்தத் துரத்தல் காலத்தை மலையாளிகளின் வீட்டுக் கதையாகவே ஆக்கிவிட்டது. நாவல் நடக்கும் நிலத்தில் பாதி இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது.

திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம். 1795வாக்கில்தான் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. ஆனால் நவராத்திரிப் பூசையின் உரிமை பழைய தலைநகரின் தெய்வங்களிடமே தங்கிவிட்டது. அதனால் வருஷா வருஷம் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் புறப்பட்டுத் திருவனந்தபுரம் போகிறார்கள். அந்தச் சரஸ்வதி விக்கிரகம் கம்பர் வழிபட்டது, அவரே சேர மன்னனிடம் ஒப்படைத்தது என்பது ஐதிகம். முதல் இரவு குழித்துறையில், மறு இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் தங்கல். களியக்காவிளையில் தமிழ்நாட்டு அதிகாரிகள் வழியனுப்ப, கேரள அதிகாரிகள் வரவேற்க, இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்யும்.

சிறு வயதில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறேன். யானை மேல் சரஸ்வதி, பின்னால் பல்லக்குகள். வாசலில் விளக்கேற்றித் தட்டத்தில் பூவும் பழமும் வைத்து எதிர்கொள்வார்கள். "அம்மைக்குப் பாஸ்போட்டு வேண்டாம்" என்று பக்கத்தில் யாரோ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எல்லை போட்டபின் நின்றுவிடாத வழக்கங்களில் இதுவே பெரியது. பத்மநாபபுரம் அரண்மனையும் அப்படித்தான். தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.

பாலராமபுரத்துத் தறிகள்

நம்மவர்கள் ஓணத்துக்கும் விஷுவுக்கும் பாலராமபுரம் வேட்டி வாங்குகிறோம். அதை நெய்தவர்கள் யார் என்று கேட்பதில்லை. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து குடியமர்த்தினார்கள். உம்மிணித் தம்பி தளவாய் இதில் முன்நின்றார். அரசர் பெயரே ஊருக்கும் பெயர் ஆயிற்று. ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்று நம் அக்கிரகாரங்களை நினைவூட்டும் நேர்த்தெருக்கள். குழித்தறியில் கையால் ஓடம் எறிந்து நெய்யும் பழைய முறையால், துணியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெருவில் நடந்தால் தறிச் சத்தத்துக்கு நடுவே வயதானவர்கள் வாயில் தமிழ் கேட்கும். விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிவதால், இளைஞர்கள் தறிக்குழியில் கால் வைக்கத் தயங்குகிறார்கள். இருநூறு வருஷம் தாங்கிய தெரு இது. வாங்குகிறவர்கள் கேட்டு வாங்கினால் இன்னும் தாங்கும்.

தலை நிமிர்ந்த மண்

இந்த வட்டாரம் அரசர்களின் கதையால் மட்டும் பெருமை பெற்றதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூர் முழுவதும் தோள்சீலைக் கலகம் நடந்தது. மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் அடி வாங்கினார்கள். வீடுகளும் வழிபாட்டு இடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26இல் வந்த அரச விளம்பரம் ஆடையை அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல் அணியக் கூடாது என்ற வாலையும் சேர்த்துக்கொண்டது. அந்த நாட்களில் பாறசாலை, லண்டன் மிஷன் சபையின் முக்கிய நிலையங்களில் ஒன்று. தமிழும் மலையாளமும் சந்திக்கும் இடம் என்பதால் இரு மொழியிலும் பள்ளியும் ஜெபமும் நடந்தன.

1888 சிவராத்திரி இரவில் நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில் ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணரல்லாத ஒருவர் செய்த அந்தப் பிரதிஷ்டை, கேரளத்தின் சமூக வரலாற்றையே திருப்பிப் போட்டது. அங்கே உருவான கோயில் யோகமே 1903இல் எஸ்.என்.டி.பி. யோகமாக வளர்ந்தது. குருவுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நம்மில் பலர் அறியாதது. அவர் யோகம் பயின்றது தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம், அவர் தமிழர். குரு தவமிருந்தது குமரி மாவட்டத்து மருத்துவாழ் மலையில். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியிருக்கிறார். திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்திருக்கிறார்.

பக்கத்து வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டியில் ஏறிப் பொது வழியில் ஓட்டினார். புலையருக்கு மறுக்கப்பட்ட வழியில் அந்த ஒரு வண்டியின் சக்கரச் சத்தம் பெரிய பிரசங்கமாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று அவர் நடத்திய போராட்டத்தில் ஊரூட்டம்பலத்துப் பள்ளி எரிக்கப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான்.

நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்தவர் "சுதேசாபிமானி" ராமகிருஷ்ண பிள்ளை. திவான் பி. ராஜகோபாலாச்சாரியை எழுத்தால் துவைத்ததற்காக 1910 செப்டம்பரில் பத்திரிகை முடக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். எல்லைக்கு வெளியே அவர் முதலில் போய்ச் சேர்ந்தது திருநெல்வேலி. 1938 ஆகஸ்ட் 31இல் பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மேல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிர் இழந்தனர். அப்போது திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயர். கடத்திய திவானும் சுட்ட காலத்துத் திவானும் தமிழர்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்களில் சிலருக்குத் "தமிழ்" என்ற சொல் அதிகாரத்தின் முகமாகவும் தெரிந்திருக்கிறது. 1956இன் கசப்பைப் புரிந்துகொள்ள அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே சமயம், இதே நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் பிறந்த காந்தியர் ஜி. ராமச்சந்திரன், மனைவி டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தையே தந்த அந்த மலையாளி, கடைசிக் காலத்தில் நெய்யாற்றின்கரைக்கே திரும்பி 1995இல் மறைந்தார். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் உண்டு.

1956: கோடு விழுந்த கதை

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையோடு 1945இல் தொடங்கிய இயக்கமே பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர் ஏ. நேசமணி அதன் தலைவராக உயர்ந்தார். மார்ஷல் என்று மக்கள் அழைத்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையும் அவர்கள் கேட்ட பட்டியலில் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு உயிர்ப்பலி நேர்ந்தது. அப்போது முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அறிக்கை தந்தது. தெற்குத் தாலுகாக்கள் நான்கும் செங்கோட்டையும் சென்னைக்கு என்றது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. நாகர்கோவிலில் வெடி வெடித்து மிட்டாய் கொடுத்தார்கள். பாறசாலைப் பக்கம் அன்றைக்கு அடுப்பில் பூனை தூங்கியது என்று தாய் மாமா சொல்வார்.

தாலுகாவை அலகாக எடுத்துப் பிரித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்காவது ஒரு இடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் மலையாளம் பேசுவோரே பெரும்பான்மை என்பதும் உண்மை. ஆனால் மொழி என்பது தாலுகா ஆபீஸ் மதிலோடு நின்றுவிடுகிற சரக்கு அல்லவே! தெற்கு ஓரத்துக் கிராமங்களில் வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமுமாக வாழ்ந்தவர்கள், எந்தப் பத்தியில் பெயர் எழுதுவது என்று தெரியாமல் நின்றார்கள். சபைகூடப் பிரிந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயம் 1959இல் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டு ஆயிற்று.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். பைபிளும் ராமாயணமும் இரண்டும் வீட்டில் இருந்தன. மாமா பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தார், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். அவர் மகன், என் மைத்துனன், தமிழ் நன்றாகப் பேசுவான். சினிமாப் பாட்டெல்லாம் தலைகீழ். ஆனால் பஸ் பலகையைப் படிக்க மாட்டான். அவன் மகளிடம் சென்ற ஓணத்தில் "உங்கள் பூட்டி எழுதின கடிதம் இது" என்று ஒரு பழைய கடுதாசியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில் எந்தப் பக்கம் மேலே?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அன்று ராத்திரி எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்றே தலைமுறை. யாரும் தடுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. கவனிக்காமல் விட்டதில் போய்விட்டது.

ஒரு நாள் பயணம் போனால்

இந்த வட்டாரத்தைக் குடும்பத்தோடு பார்க்க ஒரு நாள் போதாது. ஆனாலும் ஒரு நாளில் ருசி காட்டிவிடலாம். ரயிலில் வருகிறவர்களுக்கு 1979இல் திறந்த திருவனந்தபுரம் - கன்னியாகுமரிப் பாதையில் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் நிலையங்கள். பஸ் என்றால் கவலையே இல்லை. இரண்டு மாநில அரசுப் பேருந்துகளும் ஓயாமல் ஓடுகின்றன.

காலையில் கிருஷ்ணன் கோயிலும் அம்மச்சிப் பலாவும். அங்கிருந்து அருவிப்புறம், ஆற்றங்கரைப் படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். பிறகு செங்கல் மகேஸ்வரம் சிவபார்வதி கோயில். 2019 முதல் அங்கே 111 அடி உயரச் சிவலிங்கம் நிற்கிறது. உள்ளே படியேறிப் போகலாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். பழமையை விரும்புகிறவர்கள் எல்லையைத் தாண்டிச் சிதறால் போகலாம். திருச்சாரணத்து மலை என்று கல்வெட்டில் பெயர் பெற்ற அந்தக் குன்றில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் பெயரும் அதில் உண்டு.

மலை ஆசை உள்ளவர்கள் கிழக்கே வெள்ளறடைக்குத் திரும்ப வேண்டும். தெற்குக் குருசுமலை என்று பெயர் பெற்ற குன்று எல்லையிலேயே நிற்கிறது. 1957 முதல் தவக்காலத்தில் இரண்டு மாநிலத்து ஜனங்களும் சிலுவையைத் தொழ ஏறுகிறார்கள். பக்கத்திலேயே காளிமலை, அங்கேயும் இரு பக்கத்தாரும் பொங்கலிடுகிறார்கள். கோட்டுக்கு எந்தப் பக்கம் கற்பூரம் எரிகிறது என்று சாமி பார்ப்பதில்லை. அதற்கும் அப்பால் அம்பூரி. மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறியவர்களின் ஊர். 2001 நவம்பர் 9 இரவு மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அழகான மலையைப் பார்க்கும்போது அந்த இரவையும் நினைக்க வேண்டும். சரிவில் மரத்தை வெட்டினால் மலை மன்னிப்பதில்லை.

மேலே நெய்யாறு அணையும் 1958இல் அமைந்த வனவிலங்குச் சரணாலயமும். பின்னணியில் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம். காணிக்காரப் பழங்குடியினரின் மலை. நமக்கெல்லாம் தமிழ் முனிவரின் மலை. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2016இல் தன் பட்டியலில் சேர்த்தது. வனத்துறை அனுமதியோடுதான் ஏறலாம். உச்சிவரை செல்லப் பெண்களுக்கு இருந்த தடை, நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரியில் விலகியது. நெய்யாறு இந்த மலையில் பிறந்து பூவாறில் கடலோடு கலக்கிறது. பூவாறில் படகேறினால் ஆறும் கடலும் சேரும் மணல்திட்டு வரை போகலாம். பக்கத்து விழிஞத்தில் 2025 மே 2இல் பெரிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆய் மன்னர் காலத்துத் துறைக்குக் கப்பல் திரும்பி வந்திருக்கிறது.

காரக்கோணத்து மருத்துவக் கல்லூரியின் பெயரைப் பார்த்தால் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லுங்கள். அதற்குச் சோமர்வெல் பெயர். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் இருந்த மலையேறி அவர். 1924இல் ஏறத்தாழ 28,000 அடிவரை ஏறியவர். அந்தப் புகழை விட்டுவிட்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நம் ஜனங்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய வந்தார். எவரெஸ்ட்டைவிடப் பெரிய ஏற்றம் அதுதான் என்பது என் எண்ணம்.

மதியச் சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தேடிப் போங்கள். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் இது. பஞ்சத்தில் ஏழைகளைக் காத்த சோறு. பனங்காலத்தில் அக்கானியும், எந்தக் காலத்திலும் கருப்பட்டிக் காப்பியும் கிடைக்கும்.

ஆறும் மொழியும்

ஒரு மனவருத்தத்தையும் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் தண்ணீர் கொடுப்பதற்காக வெட்டப்பட்டது. 2004இல் அந்தத் தண்ணீர் நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நெய்யாறு மாநிலங்களுக்கு இடைப்பட்ட நதியா, கேரளத்துக்குள்ளேயே ஓடும் நதியா என்பது வக்கீல்களின் வாதம். கால்வாயில் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்த எனக்கு, இது ஒரு குடும்பத்துச் சொத்து வழக்குபோலவே படுகிறது. அண்ணன் தம்பி ஒரே கிணற்றில் இறைத்தவர்கள். சுவர் எழுப்பிய பிறகு வாளி எண்ணுகிறார்கள்.

தண்ணீருக்கு நீதிமன்றம் இருக்கிறது. மொழிக்கு வீடுதான் நீதிமன்றம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்தாலும், உள்ளே போய் எழுத ஆள் வேண்டும். எழுதத் தெரிந்த ஆளை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

முடிவாக

எல்லையை மறுபடி வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வழக்கு 1956இலேயே முடிந்துவிட்டது; முடிந்தது நல்லது. அங்குள்ள நம் உறவினர்கள் நல்ல மலையாளிகளாகவும் வாழ்கிறார்கள், வாழட்டும். மலையாளம் நமக்குத் தங்கை வீடு. நான் கேட்பது சின்ன விஷயம். நம் சங்கத்து அன்பர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, நேரே நாகர்கோவிலுக்கோ நெல்லைக்கோ ஓடாமல், ஒரு நாள் இந்த ஓரத்தில் இறங்குங்கள். வயதானவர்களைப் பேசவைத்து, கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். விளை, ஏலா, மூடு என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அகராதிக்குப் போகத் தகுந்தது. பழைய பத்திரம், கடிதம், சபைப் பதிவேடு கண்டால் படம் எடுத்து வையுங்கள். அங்குள்ள பிள்ளைகளுக்கு அஞ்சலில் ஒரு தமிழ் அரிச்சுவடி அனுப்புங்கள்.

நான் அனுப்பினேன். போன மாதம் என் மைத்துனன் மகளிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதிய ஒரே வரி. எழுத்துகள் ஆளுக்கொரு உயரம். "மாமா, மேலே எந்தப் பக்கம் என்று தெரிஞ்சு போச்சு." பாட்டியின் கடிதத்தோடு சேர்த்து அதையும் வைத்திருக்கிறேன்.